நாலு பேருக்கு மேல்

கூத்தாநல்லூருக்கு வெளியே, நாலாபுறமும் வயல் சூழத் தனியாக நிற்கிறது மெஹராஜ் பேகத்தின் வெடிமருந்துக் கிடங்கு. பக்கத்தில் வீடு இருக்கக் கூடாது என்பது சட்டம். ஒரே நேரத்தில் உள்ளே நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் சட்டம். கதவிலேயே சிவப்பில் எழுதியிருக்கிறது. மீறினால் லைசன்ஸ் போய்விடும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்பதால், வாசலில் கிடக்கும் ஜோடிகளை எண்ணினாலே உள்ளே எத்தனை பேர் என்று தெரிந்துவிடும்.

அன்று பகல் பன்னிரண்டு மணிக்குத் தீபாவளிச் சரக்கு வந்திருந்தது. பெட்டி இறக்க வந்த பரணிதரன் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, தலைச்சுமையோடு அப்படியே திரும்பி வந்தான்.

“உள்ள நாலு பேர் இருக்காங்கக்கா. ஒருத்தர் வெளிய வரட்டும், அப்புறம் போறேன்.”

மெஹராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூட்டைத் திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. திறந்ததே அவள்தான். வாசலை விட்டு அவள் நகரவும் இல்லை.

“வெயில்ல ஏதோ உளறுற. பெட்டிய இறக்கி வச்சிட்டுத் தண்ணி குடி” என்று சொல்லிவிட்டுத் தன் செருப்பைக் கழற்றினாள். வாசலில் அந்த ஒரு ஜோடிதான் கிடந்தது.

நிலைப்படியைத் தாண்டக் காலைத் தூக்கினாள்.

“இருங்கம்மா” என்றது உள்ளிருந்து ஒரு குரல், மரியாதையாக. “ஏற்கெனவே நாலு பேர் இருக்கோம்.”

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. இருட்டுக்குள் யாரோ மெல்ல எழுந்து, கையைத் தட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“நீங்க வாங்க. நான் வெளிய வந்துடுறேன்.”

வெறுங்கால் ஓசை கதவை நோக்கி வரத் தொடங்கியது.