பின்பாரம்

ஜெயிப்பதற்கு ஒன்பதாயிரம் ரூபாய் ஆகும் என்றான் கடற்கரை. பேட்டரி தனி.

கோவில்பட்டிக்குத் தெற்கே, உளுந்து எடுத்து முடித்த கரிசல் காட்டில் ரிமோட் கார் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. களத்தின் ஓரத்தில், சாமியானா நிழலில், மடக்கு மேசை போட்டு அவன் கடை விரித்திருந்தான். மேசையில் முழங்கை நீளத்துக்கு இரண்டு வண்டிகள்.

சுகுணா இரண்டையும் பார்க்காமல் வானத்தைப் பார்த்தாள். பருப்பு மண்டிக்காரர் வீட்டில் பிறந்தவள். வேண்டிய சரக்கை முதலில் பார்க்கக் கூடாது என்பது பால்பல் விழும் முன்பே அவளுக்குத் தெரியும்.

ஆனால் நேரமில்லை. இறுதிப் பந்தயத்துக்கு அவள் தேறிவிட்டாள். அவளுடைய வண்டி தேறவில்லை. கடைசி வளைவில் குட்டிக்கரணம் அடித்ததில் பல்சக்கரம் பொடியாகிவிட்டது. வேறு வண்டி ஓட்டலாம் என்று விதியில் இடம் இருந்தது.

உடைவதற்கு முன்பும் அது ஒழுங்காக ஓடவில்லை. களத்தில் மேலே மாவு மாதிரிப் புழுதி, கீழே மாசி வெயிலில் சிமெண்டாக இறுகிய கரிசல். திருப்பின இடத்திலெல்லாம் வால் முந்திக்கொண்டு சுற்றியது. போன வருஷம் கோப்பை வாங்கிய ஓட்டப்பிடாரம் சங்கிலிப்பாண்டி பக்கத்தில் நின்று கேட்டான்.

"என்ன மதினி, தட்டாமாலை சுத்துதீங்களா?"

அந்த ஒரு கேள்விக்காகவே அவள் ஜெயித்தாக வேண்டும்.

மேசையில் இருந்த புது வண்டிக்கு மோட்டார் நடுவில், உடைந்துபோன அவளுடையதைப் போலவே. கம்பளம் விரித்த களம் என்றால் கத்தி மாதிரித் திரும்பும். பழையதற்கு மோட்டார் பின்சக்கர அச்சுக்கும் பின்னால். போதாததற்கு அடியில் ஒரு பித்தளைத் தகடு வேறு திருகியிருந்தது. இழுப்பது பின்சக்கரம் இரண்டு மட்டும்தான். வழுக்குகிற தரையில் அவற்றின் மேல் கனம் உட்கார்ந்தால்தான் பிடிப்பு.

அவளுக்கு வேண்டியது பழசு. அந்தத் தகட்டோடு.

ஆகவே புதுசின் விலையைக் கேட்டாள். உதட்டைப் பிதுக்கினாள். பிறகு, போனால் போகிறது என்பதுபோலப் பழசைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது என்ன மொதலாளி, வண்டியா அம்மிக்கல்லா? பின்னால இம்புட்டுக் கனத்தை வச்சுக்கிட்டு எங்கன ஓடும்? ஒம்பதாயிரத்துல அந்தக் கனத்துக்கே ரெண்டாயிரம் குறைக்கணும்."

கடற்கரை மறுக்கவில்லை. அங்கேயே அவள் உஷாராகியிருக்க வேண்டும்.

"நியாயந்தாம்மா," என்று திருப்புளியை எடுத்தான். "கனத்தை எடுத்திருதேன். ஏழாயிரம் குடுங்க."

இரண்டு திருகு. தகடு கழன்று அவன் சட்டைப்பைக்குள் போய்விட்டது.

வேண்டாம் என்று அவள் எப்படிச் சொல்வாள்? குறை என்று சொன்னதே அவள்தானே. போனில் பணத்தை அனுப்பினாள். ஏழாயிரம் ரூபாய் பெறப்பட்டது என்று மேசையில் இருந்த பெட்டி ஊருக்கே அறிவித்தது.

வெள்ளோட்டத்தில் முதல் வளைவிலேயே வால் வெளியே போனது. சங்கிலிப்பாண்டி சிரிப்பது கேட்டது.

திரும்பி வந்து தகட்டுக்குக் கையை நீட்டினாள்.

"அது தனிச் சரக்கும்மா," என்றான் கடற்கரை. "ரெண்டாயிரம்."

மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பெட்டி மறுபடியும் பேசியது. தகட்டை அவனே மாட்டி, ஒன்றுக்கு இரண்டு தடவை முடுக்கிப் பார்த்தான். கொள்ளை லாபத்துக்கு இந்தக் கரிசனம் வேறு என்று நினைத்துக்கொண்டு அவள் ஓடினாள்.

அதற்குப் பிறகு நடந்ததை அவளால் வரிசையாகச் சொல்ல முடியாது. வண்டி தரையைக் கவ்வியது மட்டும் தெரியும். அவள் திருப்பிய இடத்தில் திரும்பியது, அமுக்கிய இடத்தில் பாய்ந்தது. பின்னால் கறுப்பாய்ப் புழுதி எழுந்தது. கடைசி வளைவில் சங்கிலிப்பாண்டி அவசரப்பட்டான். அவன் வண்டி ஒரு முறை சுற்றி, இன்னொரு முறையும் சுற்றியது. அந்தச் சந்தில் பழசு புகுந்து போய்க் கோட்டைத் தாண்டியது.

"என்ன கொழுந்தனாரே, தலை சுத்துதோ?" என்றாள். மூச்சு வாங்கியது.

வாயில் விரலை வைத்து நீளமாய் விசிலடித்தது யார் என்று பார்த்தாள். மேசைக்குப் பின்னால், நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தான் கடற்கரை.

கூட்டம் கலைந்தது. மடக்கிய மேசையும் மீதிச் சரக்கும் ஆட்டோவில் போயின. கடற்கரை பைக்கைக் கிளப்பினான். தார் ரோட்டுக்குப் போக அதே புழுதியைத்தான் தாண்ட வேண்டும். பின்சக்கரம் சறுக்கி, நின்ற இடத்திலேயே சுற்றியது. வண்டி பக்கவாட்டில் சாயப் பார்த்தது. காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தான்.

சுகுணா கோப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். நகரவில்லை.

"ஏட்டி, ஏறு. வீட்டுக்குப் போக வேண்டாமா?"

மேசை விரித்திருக்கும் மட்டும் மொதலாளி, வாடிக்கை. மடக்கிவிட்டால் புருஷன், பெண்டாட்டி. கல்யாணமான மறுவாரமே இருவரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது.

"பின்னால கனம் இருந்தாத்தானங்க வண்டி நேரா போகும்?" என்றாள். "கனம் தனிச் சரக்கு. ரெண்டாயிரம்."

"வீட்ல வச்சுத் தாரேன்."

"கடன் கிடையாது, மொதலாளி."

அவன் போனை எடுத்தான். அவள் இடுப்பில் செருகியிருந்த போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறி உட்கார்ந்தாள்.

பைக் புழுதியைக் கவ்விக்கொண்டு கிளம்பியது.

தகட்டுக்குப் பற்று இரண்டாயிரம். தன் கனத்துக்கு வரவு இரண்டாயிரம். கணக்கு நேர்.