முள் ஏற வேண்டும்

“முள்ளு பாதியத் தாண்டக் கூடாதுண்ணே. எஞ்சின் கொதிச்சாலும் சரி, அது நடுவுலயே நிக்கணும்.”

“நிக்கும்” என்றார் மெக்கானிக் லாசர், சிரித்த முகம் மாறாமல்.

சமயநல்லூர் பட்டறையில் நின்றது ஒரு பழைய லோடு வேன். அதன் சொந்தப் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, வேறெதிலிருந்தோ பிடுங்கிய டீசல் எஞ்சினை ஏற்றிக் கொண்டுவந்திருந்தான் வண்டி புரோக்கர் விஸ்வேஸ்வரன். எஞ்சின் சூட்டைக் காட்டும் பழைய மீட்டர் இந்த எஞ்சினோடு ஒத்துப்போகவில்லை.

“வாங்க வர்ற அம்மா, தண்ணி சூடு காட்டுற மீட்டர் இல்லாம வண்டியத் தொடவே மாட்டேங்குது. அதான் வயர் கியர் இல்லாத மெக்கானிக்கல் மீட்டரா வாங்கியாந்தேன். முள்ளு பாதி ஏறுனதும் மீட்டர் குழாய நசுக்கிவிட்டா, அங்கேயே நின்னுரும்ல?”

“நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கீங்க.”

“எத்தன வண்டிக்குப் பண்ணியிருக்கேன்!” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான்.

லாசர் அவன் போன திசையையே முறைத்துப் பார்த்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே வித்தையைக் காட்டித்தான் அவருடைய தம்பி ஸ்டீவ் தலையில் ஒரு வேனைக் கட்டினான் இவன். முதல் சவாரி கொடைக்கானல். முள் சமர்த்தாக நடுவில் நிற்க, மலைப் பாதையில் எஞ்சின் வெந்து இறுகிப்போனது. நிச்சயம் பண்ணின பெண் வீட்டார், பிழைக்கத் தெரியாத பையன் என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

லாசர் அப்போது குவைத்தில் இருந்தார். “வண்டிய இரும்புக் கடையில போட்டுட்டேண்ணே” என்று போனில் அழுத ஸ்டீவ், திருப்பூர் போனவன் போனவன்தான். கிறிஸ்துமஸுக்குக்கூட ஊர்ப் பக்கம் தலைகாட்டுவதில்லை.

சூதுவாது தெரியாத பிள்ளை அவன். அவனை ஏமாற்றியவனை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று லாசர் அன்றைக்கே கறுவிக்கொண்டார். ஸ்டீவுக்கு ஒரு அண்ணன் இருப்பதே தெரியாத விஸ்வேஸ்வரன், இன்று தானாகவே வந்து வலையில் விழுந்திருந்தான்.

லாசர் அத்தனை அக்கறையாக ஒரு வேலையைச் செய்து வெகுநாளாயிற்று. முதலில் மீட்டரின் நுனியில் இருந்த குமிழைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கிப் பார்த்தார். முள் விறுவிறுவென்று ஏறி நூறில் நின்றது. எஞ்சின் துளைக்கு அந்தக் குமிழ் பொருந்தாததால், பித்தளையில் புஷ் என்கிற இணைப்பு வளையம் ஒன்றைக் கடைந்து, அதன் வழியாகத் தண்ணீருக்குள் இறக்கி முறுக்கினார். மீட்டரின் முடி மாதிரி மெல்லிய செம்புக் குழாயை எங்கேயும் மடிந்துவிடாமல், மிச்ச நீளத்தை வளையமாகச் சுற்றிக் கட்டினார்.

“நசுக்கியாச்சா?” என்றான் டீ குடித்துவிட்டு வந்தவன்.

“கச்சிதமா.”

வண்டி வாங்க வந்தவள் முத்துமீனா. சோழவந்தானில் வெற்றிலை வியாபாரம். லோடு வண்டியைத் தானே ஓட்டுகிறவள். சாவியை வாங்கி ஏறி உட்கார்ந்தாள்.

“நானும் வாரேன். முள்ளு எப்படி நிக்குதுன்னு பாக்கணும்” என்று லாசரும் தொற்றிக்கொண்டார். இந்தக் காட்சியை அவர் எதற்காகவும் விடுவதாக இல்லை.

சோழவந்தான் ரோட்டில் வண்டி வேகம் எடுத்தது. ஏற்கெனவே சூடேறியிருந்த எஞ்சினில் சூட்டு மீட்டரின் முள் சரிபாதியில் இருந்தது: எண்பது.

“இங்கனயே நின்னுரும் பாருங்கக்கா” என்றான் விஸ்வேஸ்வரன்.

தொண்ணூறு. அவன் சிரிப்பு காய்ந்துபோனது. தொண்ணூற்றைந்தில் லாசரைத் திரும்பிப் பார்த்து முறைத்தான். லாசர் வெளியே நெல் வயலை வேடிக்கை பார்த்தார். மனசுக்குள் வாணவேடிக்கை நடந்துகொண்டிருந்தது.

முள் நூறைத் தொட்டதும் முத்துமீனா வண்டியை ஓரங்கட்டினாள். இறங்கி, முன்பக்கம் குனிந்து பார்த்தாள். இனி காறித் துப்புவாள், அதை இன்றைக்கே ஸ்டீவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று லாசர் காத்திருந்தார்.

“பெட்ரோல் எஞ்சினோட ரேடியேட்டரையே விட்டு வச்சிருக்கீங்க. டீசலுக்கு இது எப்படிக் காணும்? பெருசா ஒண்ணு போட்டா சூடு அடங்கிரும். வண்டிய நான் எடுத்துக்கிறேன்.”

லாசருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்னம்மா நீங்க? முள்ளு நூறுக்குப் போச்சு, பாத்தீங்கல்ல?”

“அதனாலதாண்ணே எடுக்கிறேன். இருக்கிற கோளாற மறைக்காமக் காட்டுறாரே இந்த மனுசன்!”

“நமக்குப் பொய் ஆகாதுக்கா” என்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான் விஸ்வேஸ்வரன்.

லாசர் குறுக்கே புகுந்தார். “இந்தாளு யாருன்னு தெரியுமாம்மா உங்களுக்கு?” என்று ஆரம்பித்தார்.

முத்துமீனா கையமர்த்தினாள். “பட்டவண்ணே நான். முன்ன வாங்குன வண்டியில ஆவி பறக்குது, முள்ளு நட்டநடுவுல நிக்குது. நடுரோட்டுல நின்னு, ஒரு லோடு வெத்தல வெயில்ல வெந்துபோச்சு. செத்த எஞ்சின ஒட்டுப்போட்டு, பூ மாதிரி ஓடும்னு சத்தியம் பண்ணி வித்துட்டுப் போயிட்டான் ஒருத்தன்.”

“எந்தப் படுபாவிம்மா அவன்?” என்று பல்லைக் கடித்தார் லாசர்.

“பேரு மறந்துபோச்சுண்ணே. முன் கண்ணாடியில ‘அண்ணன் லாசர் துணை’ன்னு எழுதி வச்சிருந்தான், அதப் பாத்துத்தான் நம்பிட்டேன்.”