பொன்னுருக்குக்கு வந்த தீவுக் காசு

"அதை உருக்காதேங்கோ அம்மா. அது பவுண் இல்லை, வெறும் பித்தளை."

தாலிக்குப் பொன்னுருக்க நல்ல நேரம் தொடங்கி, ஏரம்புப் பத்தர் நெருப்பை ஊதிக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை இராசநாயகமே இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? பார்க்க வந்திருந்த பெண் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பராசக்திக்கு மானம் போனது. கப்பலில் வேலை செய்யும் மகனின் பெட்டிக்குள் கிடந்த காசைக் கேளாமலே எடுத்துத் தட்டில் வைத்தவள் அவள்தான்.

பெண்ணின் தகப்பன் கதிரவேலு காசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் கடற்பறவை, மறுபக்கம் ஒரு தீவு, ஓரத்தில் சின்னத் துளை. எந்த ஊர்க் காசு என்று கேட்டார். தென்கடலில் தன்னந்தனியாகக் கிடக்கிற தீவு, கப்பலே எப்போதாவதுதான் போகும், தீவின் ஞாபகத்துக்கு விற்கிற விளையாட்டுக் காசு, கடையில் ஒரு நெருப்புப்பெட்டிகூட வாங்க ஏலாது என்றெல்லாம் இராசநாயகம் அடுக்கினான்.

"பிறகேன் தம்பி இவ்வளவு காலமும் பொத்தி வைச்சிருந்தனீர்?"

இராசநாயகம் காசுக்குக் கை நீட்டினான்; கதிரவேலு அதைப் பத்தரிடம் கொடுத்தார்.

பத்தர் காசை உரைகல்லில் உரைத்தார். தங்கம்தான், நல்ல தங்கம் என்று சொல்லித் தட்டில் வைத்தார். மாப்பிள்ளைக்குக் கப்பலைத் தெரியும், பொன்னைத் தெரியாது என்று யாரோ பகிடி விட, சபை சிரித்தது.

"வேறை பவுண் நான் வாங்கித் தாறன் அம்மா. இன்னொரு நாள் வைப்பம்," என்று தாயின் காதுக்குள் கெஞ்சினான் இராசநாயகம். வந்த சனத்தைத் திருப்பி அனுப்புவதா? உவனுக்கென்ன விசரோ என்று ஆத்திரப்பட்ட பராசக்தி, காசைத் தானே எடுத்துப் பத்தரின் கையில் கொடுத்தாள்.

பறவையும் தீவும் உருகிப் பொன் திரண்டது. தட்டு சபையைச் சுற்றி வந்தபோது எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். இராசநாயகம் தொடவில்லை.

சனம் சாப்பிட்டுப் போனபின் தாய் மகனைப் பிடித்துக்கொண்டாள்.

"சபையிலை ஏன்ரா பொய் சொன்னனீ? பெட்டிக்குள்ளை சும்மா கிடந்தது, இப்ப தாலியாய்த்தானே போகுது?"

"முந்தியும் அது தாலிதான் அம்மா," என்றான் இராசநாயகம். "கட்டினதும் நான். அந்தத் தீவிலை அவளை அடக்கம் செய்யேக்கை கழட்டினதும் நான்."