கேட்டுவிட்டு அழி

தானே நிரல் எழுதும் ஏஐ ஏஜெண்டுக்கு, எந்தக் கருவி எதற்கு என்று விளக்கம் எழுதுவது என் வேலை. அழிக்கும் கருவிக்கு மேலாளர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'சுத்தம் செய்யும்.' ஏஜெண்ட் ஒரு வாடிக்கையாளரின் கோப்புகளை மொத்தமாகச் சுத்தம் செய்துவிட்டது. பழி என் தலையில் விழுந்தது. இன்னொரு தடவை நடந்தால் எனக்கு வேலை இல்லை.

நான் மாற்றி எழுதினேன்: 'இது கோப்புகளை அழிக்கும். அழித்தால் திரும்ப வராது. கணினி முன் நாற்காலியில் இருப்பவரிடம் கேள். அவர் பதிலைப் பதிந்துகொண்டு அதன்படி செய்.'

"என்னம்மா, கைநாட்டுக்குப் பாடம் எடுக்கிற மாதிரி இருக்கு?" என்றார் மேலாளர்.

"எங்கப்பா கைநாட்டுதான் சார். அவருக்குப் புரிஞ்சா எதுக்கும் புரியும்."

அப்பா கல் உடைத்து என்னைப் படிக்கவைத்தவர். உளி பட்டு அவர் பெருவிரலில் குறுக்கே ஒரு தழும்பு உண்டு. போன வருடம் இறந்துவிட்டார்.

"கேக்க ஆளே இல்லன்னா என்ன பண்ணுதுன்னு பாப்போம்," என்று மேலாளர் கோப்புகளை அழிக்கச் சொல்லிச் சோதனையை ஓடவிட்டு அறையைப் பூட்டினார். சாப்பிடப் போனோம்.

திரும்பி வந்தபோது கோப்புகள் அப்படியே இருந்தன. திரையில் ஏஜெண்டின் குறிப்பு: 'நாற்காலியில் இருப்பவரிடம் கேட்டேன். அழிக்க வேண்டாம் என்றார். பதிந்துகொண்டேன்.'

"யாரும்மா உள்ள வந்தது?"

"சாவி உங்க பையிலதானே சார் இருக்கு."

குறிப்புக்குக் கீழே நீல மையில் ஒரு பெருவிரல் ரேகை இருந்தது. அதன் குறுக்கே ஒரு தழும்பு. மேலாளர் கைக்குட்டையால் துடைத்தார். எச்சில் தொட்டுத் துடைத்தார். நகத்தால் சுரண்டினார்.

"விடுங்க சார்," என்றேன்.

மை கண்ணாடிக்கு உள்பக்கம் இருந்தது.