பெட்டிக்குள் வெள்ளைத் தூசி

1989இல் ஜமுனாமரத்தூரில் ஓர் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதில் தூசி படியாமல் பார்த்துக்கொள்வது டைப்பிஸ்ட் சகுந்தலாவின் பொறுப்பு. ஜன்னல்களைச் சாத்தினாள். மாலையில் துணி போர்த்தினாள். மலை மண் சிவப்பு. ஆனால் கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றும்போதெல்லாம் உள்ளே வெள்ளைத் தூசிதான் இருந்தது.

பெருக்க வந்த பாஞ்சாலை அதைத் தொட்டு முகர்ந்தாள்.

“இன்னாங்க இது, கொழந்தைக்குப் பூசுற பவுடர் வாசன வருது?”

சகுந்தலாவும் குனிந்து முகர்ந்தாள். அவளுடைய பெண் குழந்தை போன வருடம் காய்ச்சலில், மலையிறங்கும் பஸ்ஸில், அவள் மடியிலேயே இறந்திருந்தது.

அதன்பின் அவள் பெட்டியைத் துடைக்கவில்லை. எல்லோரும் சாப்பிடப் போனதும் மூடியைக் கழற்றி, முகத்தை அருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தூசி ஏறி மிஷின் சூடாகி நின்றது. வேலூரிலிருந்து வந்த மெக்கானிக் புளோயரை எடுத்தார்.

“கொஞ்சம் வுட்டுவைங்க சார்” என்றாள் சகுந்தலா.

“தூசியையாம்மா?” என்று சிரித்தபடி எல்லாவற்றையும் வெளியே ஊதித் தள்ளினார்.

அன்றிலிருந்து சகுந்தலா ஜன்னல்களைத் திறந்தே வைத்தாள். துணி போர்த்தவில்லை. மேசையிலும் நாற்காலியிலும் மண் படிந்தது. பெட்டிக்குள் மட்டும் எதுவும் படியவில்லை.

“மிஷின எவ்ளோ சுத்தமா வெச்சிருக்கீங்கம்மா!” என்று அதிகாரி எல்லோர் முன்பும் பாராட்டினார்.