உரிக்கச் சொன்ன அம்புக்குறி

கிள்ளான் நகரத்துத் தொலைக்காட்சிக் கடையின் வெள்ளை வெளிச்சத்தில், குமுதாவின் புதுத் தொலைக்காட்சி பாழாகிக் கிடக்கிறது. முதல் சந்தனப் பொட்டைப் பிளாஸ்டிக்மேல் வைக்க மனமில்லாமல் உறை என்று நினைத்து அவள் உரித்தது, திரையோடு சேர்ந்த மேல்தாளையே. "ஆன்டி, நீங்க கெடுத்தது. வாரன்ட்டி இல்ல லா," என்கிறான் விற்பனையாளன். "விடு குமுதா, போலாம்," என்று கணவன் தனபாலன் அவள் முழங்கையை இழுக்கிறான். அவள் நகரவில்லை. "மூலையில அம்புக்குறி ஒட்டி இழுக்கச் சொன்னது நானா? புதுசு ஒண்ணப் பிரிங்க தம்பி. எதை உரிக்கணும்னு நீங்களே உரிச்சுக் காட்டுங்க." பெட்டி திறக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாய் இரண்டு தாள்கள், அம்புக்குறி ஒன்றுதான்; எந்தத் தாளுக்கு என்று அதில் இல்லை. அவன் நகம் மூலைவரை போய் அப்படியே நிற்கிறது. தனபாலனின் கை முழங்கையை விட்டு அவள் விரல்களைக் கோத்துக்கொள்கிறது. "உரிங்க தம்பி," என்கிறான் தனபாலன், "நாங்க நிக்கிறோம்."