எழுத்து வேட்டை

"கையைக் காட்டு! ரெண்டு கையையும் காட்டு!"

ஒன்றாம் வகுப்பு சினேகா பத்து விரல்களையும் நீட்டினாள். நகக்கண்ணெல்லாம் காய்ந்துபோன மைதாப் பசை.

"பாருங்க சார், நல்லாப் பாருங்க!" என்றார் கற்பகவல்லி டீச்சர்.

தலைமையாசிரியர் ஒச்சப்பன் குனிந்து பார்த்தார். வகுப்பு வாசலில் சினேகாவின் அம்மா மாரிசெல்வி நின்றாள். டீச்சர் கூப்பிட்டாரே என்று பட்டாசுக் கம்பெனி வேனை விட்டுவிட்டு ஓடி வந்தவள் அவள்.

"ஆறு வயசுப் புள்ளய பட்டாசுப் பெட்டி ஒட்ட உக்கார வச்சா அதுக்கு எழுத்து எங்கிருந்து சார் ஏறும்?"

டீச்சருக்கு எழுத்து என்றால் உயிர். 'எழுத்து வேட்டை' என்று ஓர் ஆட்டமே கண்டுபிடித்திருந்தார். ஒரு சீட்டில் எழுத்தைக் காட்டுவார். அதே எழுத்து வகுப்பில் எங்கே இருக்கிறதென்று தேடிப் பிள்ளைகள் ஓடிப்போய் விரல் வைக்க வேண்டும். சினேகா மட்டும் இரண்டு மாதமாக எதிலும் விரல் வைத்ததில்லை. தப்பு டீச்சர் மேல் இருக்க வழியில்லை. ஆகவே அது சினேகாவின் வீட்டின் மேல்தான் இருந்தாக வேண்டும்.

அதிலும் இது முக்கியமான வாரம். மறுநாள் விருதுநகரில் கற்பித்தல் கருவிப் போட்டி. 'ஆசிரியர் தம் கைப்படச் செய்தவை' என்ற பிரிவில் டீச்சரின் ஐந்நூறு எழுத்து அட்டைகள் பரிசுக்குப் போகின்றன. செய்தித்தாளில் சுற்றிக் கட்டுக்கட்டாக மேசைக்கடியில் காத்திருந்தன.

"நான் பெட்டி ஒட்ட விடல டீச்சர்..."

"பொய் சொல்லாத. பசை என்ன வானத்துல இருந்தா கொட்டுச்சு? சார், இத விடக் கூடாது. குழந்தைக உதவி எண்ணு பத்து தொண்ணூத்தெட்டுக்குப் போனப் போடுங்க. ஒருத்திய உள்ள தள்ளுனாத்தான் ஊரே திருந்தும்."

மாரிசெல்வி ஆடிப்போனாள். பிள்ளையை வேலைக்கு வைத்தவள் என்று பேர் வந்தால் கம்பெனியில் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள்.

"சார், புகார் குடுத்துராதீக சார். வேலைய விட்டு நிப்பாட்டிருவாக. நாங்க எங்கன போவோம்?"

ஒச்சப்பன் இழுத்தார். "ஒரு தடவ கண்டிச்சு விட்டுருவோமே டீச்சர்."

"இரக்கம் பாக்குற நேரமா சார் இது? பிஞ்சு விரல் சார்!"

டீச்சரின் குரல் தழுதழுத்தது. நிஜமாகவே தழுதழுத்தது, அதில் கலப்படமே கிடையாது.

ஒச்சப்பன் எண்ணை அழுத்திப் போனைக் காதில் வைத்தார். 'இணைப்பில் காத்திருக்கவும்' என்றது ஒரு பெண் குரல். காத்திருக்கிற நேரத்துக்கு ஒரு கேள்வி கேட்டு வைத்தார்.

"பெட்டி இல்லன்னா பின்ன என்னத்தம்மா ஒட்டுச்சு?"

"எழுத்து அட்டை சார். நம்ம சத்துணவுக் கூடத்து வெள்ளைத்தாய் அக்கா அவசர ஆர்டருன்னு சாக்கோட குடுத்துச்சு. முன்பக்கம் எழுத்த நான் ஒட்டுனேன். பின்பக்கம் சின்னச் சீட்டு மட்டும் இவ ஒட்டுனா. பட்டாசு மருந்தா என்ன, எழுத்துதானன்னு விட்டுட்டேன். யாருக்கு ஆர்டருன்னு சத்தியமாத் தெரியாது சார். எனக்கு வாசிக்கவும் தெரியாது."

டீச்சருக்குக் குப்பென்று வேர்த்தது. பத்து நாளைக்கு முன்னால் வெள்ளைத்தாயிடம் அந்தச் சாக்கைக் கொடுத்து, "யார்ட்டயும் மூச்சு விடாத" என்று சொன்னது அவரேதான். வெள்ளைத்தாய் மூச்சு விடவில்லை. வேலையை மட்டும் கைமாற்றிவிட்டாள். இந்தப் பக்கத்தில் ஆர்டர் என்பது வாங்கியவர் கையில் தங்கியதாகச் சரித்திரமே இல்லை.

டீச்சரின் மனசில் இரக்கம் பொங்கிவிட்டது.

"பாவம் சார், ஏழைப்பட்டவ. மன்னிச்சு விட்டுருவோம். போன வைங்க சார்."

"இப்பத்தான டீச்சர் இரக்கம் பாக்கக் கூடாதுன்னீங்க? இருங்க, லைன் கிடைக்கப் போகுது." ஒச்சப்பன் சினேகா பக்கம் திரும்பினார். "பாப்பா, அது என்ன சீட்டு?"

சினேகா பென்சில் டப்பாவைத் திறந்து, ஓரத்தில் மடித்து வைத்திருந்த அச்சடித்த சீட்டு ஒன்றை எடுத்தாள்.

"பாக்க நல்லாருந்துச்சுன்னு ஒண்ணு மட்டும் வச்சுக்கிட்டேன் சார்."

"என்ன போட்டிருக்குன்னு பாருங்க டீச்சர். நான் கண்ணாடி கொண்டுவரல."

டீச்சர் சீட்டை வாங்கினார். கிட்டே வைத்துப் பார்த்தார், தூர வைத்துப் பார்த்தார். இருபது வருஷமாக ஊருக்கே எழுத்தறிவித்தவருக்கு அன்றைக்கு எழுத்து மறந்துவிட்டது.

"மை கலைஞ்சு போச்சு சார். ஒரு எழுத்தும் தெரியல."

சினேகாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கலையல டீச்சர்! எனக்குத் தெரியும்!"

சீட்டைப் பிடுங்கிக்கொண்டு கரும்பலகைக்கு ஓடினாள். அதன் ஓரத்தில் வகுப்பாசிரியர் பெயரைத் தினமும் கலர் சாக்பீஸில் டீச்சர் எழுதி வைப்பார். சினேகா குதிகாலைத் தூக்கி நின்றாள். சீட்டைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், விரலை வைத்தாள்.

"இது, இங்கன இருக்கு. இது, இங்கன. இது..."

ஏழு எழுத்து. ஒன்றுகூடத் தப்பவில்லை. ஐந்நூறு தடவை ஒட்டிய எழுத்து எப்படித் தப்பும்?

"வேட்டையில நான் செயிச்சுட்டேன் டீச்சர்!"

எடுத்த விரலை மறுபடி அந்தப் பெயரிலேயே வைத்துக்கொண்டு, கைதட்டலுக்காகத் திரும்பிப் பார்த்தாள். யாரும் தட்டவில்லை.

போனில் இணைப்புக் கிடைத்தது. ஒச்சப்பன் கேட்டுக்கொண்டார். பிறகு போனை உள்ளங்கையால் பொத்தி, பிள்ளையின் விரல் இருந்த இடத்தை ஒரு தடவை பார்த்தார்.

"டீச்சர், யார் மேல புகாருன்னு கேக்காங்க. என்ன பேரு சொல்லட்டும்?"